ஆரக்கீரையும் மூன்று வெள்ளைக்காரர்களும்

எங்கள் ஊரில், தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் ஓரத்திலும் நடவு வயலிலும் ஆரக்கீரை தானாக முளைத்துக் கிடக்கும். ஒரு காம்பு, நுனியில் நாலு இலை. பறித்து வந்து பருப்புப் போட்டுக் கடைவார்கள். அடிக்கடி சிறுநீர் போகிறவர்களுக்கு நல்லது என்று சித்த மருத்துவத்தில் சொல்வதுண்டு. நாற்பது வயது வரை எனக்கு இதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். இது பூக்காத பெரணி வகைச் செடி என்பதும், இதன் பேரினத்துக்கு மார்சிலியா என்று பெயர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இதன் ஒன்றுவிட்ட உறவுக்காரி ஒருத்தியைத் தினமும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே 1861இல் ஆஸ்திரேலியாவின் நடுவில் இரண்டு பேர் எலும்பும் தோலுமாகச் செத்தார்கள் என்பது அதற்கும் பிறகு.

மனிதன் மற்ற விலங்குகளைவிட எதில் வேறுபட்டான் என்று கேட்டால், நான் படித்த பாடப்புத்தகம் முதல் நேற்று வந்த வாட்ஸப் செய்தி வரை எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: மூளை. யோசிக்கத் தெரிந்தவன், அதனால் பிழைத்தான். இருபது வருஷமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்த பதில். அதை முதலில் அசைத்துப் பார்த்தது இந்த ஆரக்கீரைக் கதைதான்.

1860 ஆகஸ்ட் 20ஆம் தேதி மெல்போர்ன் நகரின் ராயல் பார்க்கில் சுமார் 15,000 பேர் கூடினார்கள். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடக்க ஒரு குழு கிளம்புகிறது. 19 ஆட்கள், 23 குதிரைகள், 6 வண்டிகள், இருபத்தைந்துக்கும் மேல் ஒட்டகங்கள். ஒட்டகங்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் போனவை. மேய்க்கத் தெரிந்த ஆட்களும் பெஷாவர்ப் பக்கத்திலிருந்து கூடவே போனார்கள். சுமார் 20 டன் சரக்கு. அதில் ஒரு ஓக் மர மேஜையும் நாற்காலிகளும் அடக்கம். பாலைவனத்தில் மேஜை போட்டுச் சாப்பிடலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்!

தலைவர் ராபர்ட் ஓஹாரா பர்க், அயர்லாந்தில் பிறந்த போலீஸ் அதிகாரி. காட்டு அனுபவம் கிடையாது. அவருக்கு அடுத்த நிலைக்குப் பிறகு வந்தவர் வில்லியம் ஜான் வில்ஸ், நில அளவையாளர், வானிலை ஆய்வில் வேலை பார்த்தவர். நுணுக்கமானவர், படித்தவர், தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர். பயணம் கிளம்பும்போது வயது 26. மூன்றாவது ஆள் ஜான் கிங். இளைஞன், இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவன், ஒட்டகங்களோடு ஒட்டகமாக ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தவன். இந்த மூவரில் யாரை நம்பி நாம் பின்னால் போயிருப்போம்? நான் வில்ஸ் பின்னால்தான் போயிருப்பேன். என் ஜாதி ஆள், அதாவது இன்ஜினியர் ஜாதி.

நடுவழியில் நடந்த சண்டைகளையும் ராஜினாமாக்களையும் விட்டுவிடுகிறேன். கூப்பர் கிரீக் என்ற ஆற்றோடைக் கரையில் ஒரு முகாம் போட்டார்கள். அங்கே சிலரை நிறுத்திவிட்டு, டிசம்பர் 16ஆம் தேதி பர்க், வில்ஸ், கிங், சார்லஸ் கிரே என்ற நாலு பேர் ஆறு ஒட்டகம், ஒரு குதிரை, மூன்று மாத உணவோடு வடக்கே கிளம்பினார்கள். 1861 பிப்ரவரியில் வட கடலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அலையாத்திக் காடு மறித்ததால் கடலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியில் உணவு தீர்ந்தது. கிரே ஏப்ரல் 17ஆம் தேதி இறந்தார். அவரைப் புதைக்கவும் ஓய்வெடுக்கவும் ஒரு நாள் செலவானது.

அந்த ஒரு நாள்தான் இந்தக் கதையில் எல்லோரும் சொல்லும் பகுதி. ஏப்ரல் 21ஆம் தேதி மாலை மூவரும் தள்ளாடிக்கொண்டு கூப்பர் கிரீக் முகாமுக்கு வந்தார்கள். ஆள் இல்லை. நாலு மாதத்துக்கும் மேல் காத்திருந்த குழு அன்று காலையில்தான் கிளம்பியிருந்தது. ஒரு மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கி, அடியில் கொஞ்சம் உணவைப் புதைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மரம் இன்றும் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கதை விதியின் விளையாட்டாகவே சொல்லப்படுகிறது. ஒரே ஒரு நாள், சில மணி நேரம்.

எனக்கு அதற்குப் பின்னால் வரும் இரண்டு மாதம்தான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் அவர்கள் மனிதர்களே இல்லாத வனாந்திரத்தில் இருக்கவில்லை. கூப்பர் கிரீக்கில் யாண்ட்ருவாண்டா என்ற மக்கள் வாழ்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள். குழந்தை குட்டிகளோடு, கிழவன் கிழவிகளோடு. பர்க் குழு 'உயிர் வாழ முடியாத பாலை' என்று நினைத்த இடம் அவர்களுக்கு ஊர்.

மூவரும் தெற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு மாட்டுப் பண்ணையை நோக்கி நடக்க முடிவு செய்தார்கள். அது இருந்த மலையின் பெயர் மவுண்ட் ஹோப்லெஸ், நம்பிக்கையற்ற மலை. (நான் சேர்த்துச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர்.) மிச்சமிருந்த இரண்டு ஒட்டகங்களில் ஒன்று சேற்றில் புதைந்தது. இன்னொன்றின் பெயர் ராஜா, அதுவும் மே முதல் வாரத்தில் போனது. தண்ணீரைச் சுமக்க விலங்கு இல்லாமல் ஓடையை விட்டு விலக முடியாது. ஆக, ஓடைக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

யாண்ட்ருவாண்டா மக்கள் மீன் கொடுத்தார்கள். மாவு இடித்துச் சுட்ட ஒருவகை ரொட்டியும் கொடுத்தார்கள். வில்ஸ் அவர்கள் குடியிருப்புக்குப் போய்ச் சில நாள் விருந்தாளியாக இருந்தார், சுட்ட எலிகூடச் சாப்பிட்டு அது ருசியாக இருந்ததாக எழுதியிருக்கிறார். அந்த ரொட்டி நார்டூ என்ற செடியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. நம் ஆரக்கீரையின் உறவுக்காரி இவள்தான். அதன் அடியில் மொச்சைக்கொட்டையைவிடச் சின்னதாக, கடினமான வித்துப்பை இருக்கும். அதைத்தான் இடித்து மாவாக்குவார்கள். அந்தச் செடியை அவர்களால் சில நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. மே 17ஆம் தேதி கிங் கண்ணில் பட்டது. கண்டதும் பட்ட சந்தோஷம் வில்ஸின் குறிப்பிலேயே தெரிகிறது. இனிமேல் யார் தயவும் வேண்டாம்! யாண்ட்ருவாண்டா மக்கள் விட்டுப்போன குடிசைகளில் கிடந்த அரைகல்லை எடுத்து, தாங்களே அரைத்து, கஞ்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு இன்ஜினியருக்குப் புரிகிற சந்தோஷம் இது. மூலப்பொருள் தெரிந்துவிட்டது, கருவி கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது.

ஜூன் மாத நாட்குறிப்பில் வில்ஸ் ஒரு விசித்திரத்தை எழுதிக்கொண்டே போகிறார். தினமும் நாலைந்து பவுண்டு நார்டூ தின்கிறோம், பசி அடங்குகிறது, ஆனால் உடம்பில் எதுவும் ஒட்டவில்லை. கால் நடக்க மறுக்கிறது. கை கால் தோலும் எலும்புமாக ஆகிவிட்டது, நாடித்துடிப்பு 48. கடைசிவரை கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். தான் சாவதற்கான தரவைத் தானே சேகரித்து வைத்த மனிதர். காரணம் மட்டும் அவருக்குப் புரியவில்லை, அந்தக் காலத்தில் உலகத்தில் யாருக்குமே புரிந்திருக்காது.

1994இல் ஏர்ல், மெக்கிளியரி என்ற இருவர் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் எழுதினார்கள். நார்டூவில் தையமினேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. அது தையமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, சிதைத்துவிடும். மாவுச்சத்திலிருந்து உடம்பு சக்தி எடுக்க பி1 வேண்டும். ஆக, இதைச் சரியாகப் பக்குவம் செய்யாமல் சாப்பிடச் சாப்பிட, வயிறு நிறையும், உடம்பு பட்டினி கிடக்கும். பெரிபெரி என்ற நோய் இதுதான். பர்க்கும் வில்ஸும் செத்ததற்கு இது மட்டுமே காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்கர்வி, குளிர், ஏற்கெனவே நடந்து தேய்ந்த உடம்பு எல்லாம் சேர்ந்திருக்கும் என்பவர்களும் உண்டு. எனக்கும் எல்லாம் சேர்ந்துதான் என்று படுகிறது. ஆனால் வில்ஸ் எழுதிய அந்த 'பசி இல்லை, பலமும் இல்லை' என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் யாண்ட்ருவாண்டா மக்கள் எப்படிச் சாகாமல் இருந்தார்கள்? அதே செடி, அதே கல். அவர்கள் அரைக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டு அலசுவார்கள்; அதில் நொதி நீர்த்துப்போகும். சாம்பலில் சுடுவார்கள். நீர்க்கக் கரைத்த மாவை இலையில் வைத்துச் சாப்பிடாமல் சிப்பி ஓட்டால் மொண்டு சாப்பிடுவார்கள். இந்த நொதி வேலை செய்யக் கூடவே வேறு சில கரிமப் பொருள்கள் வேண்டும், இலையிலிருந்து அது வரலாம், சிப்பியிலிருந்து வராது என்பது அந்தக் கட்டுரையின் ஊகம். ஒவ்வொரு படியும் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. அவர்களில் யாராவது 'பி1 பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று நினைத்தா செய்தார்கள்? இல்லை. ஏன் சிப்பி என்று கேட்டிருந்தால், சிப்பியில்தான் சாப்பிடுவோம் என்றுதான் பதில் வந்திருக்கும்.

வில்ஸ் அவர்களோடு உட்கார்ந்து அந்த ரொட்டியைச் சாப்பிட்டவர்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது பண்டம். செய்முறையில் எது முக்கியம், எது சும்மா பழக்கம் என்று அவராகவே மனதுக்குள் பிரித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கோதுமையை அரைத்தால் மாவு, மாவைச் சுட்டால் ரொட்டி. அவர் ஊர் அறிவுக்கு அது முழுக்கச் சரி.

இதே மாதிரி ஒரு காரியத்தை நானும் செய்திருக்கிறேன், யாரும் சாகவில்லை என்பதுதான் வித்தியாசம். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பத்து வருஷப் பழைய கோடில் ஒரு வரி இருந்தது: இரண்டு விநாடி சும்மா காத்திரு. பக்கத்தில் 'இதை எடுக்காதே' என்று ஒரு குறிப்பு. காரணம் எழுதவில்லை. எழுதியவர் எப்போதோ போய்விட்டார். நான் லாஜிக்கை நாலு தடவை படித்துப் பார்த்தேன், அந்த வரிக்கு எந்த வேலையும் இல்லை. எடுத்தேன். அன்று ராத்திரி சிலருடைய கணக்கில் ஒரே பணம் இரண்டு முறை கழிந்தது. மறுநாள் காலையில் அந்த வரியைத் திரும்பப் போட்டேன். ஏன் அது வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

சரி, கூப்பர் கிரீக்குக்கு வருவோம். செய்முறை தெரியாதது ஒரு பக்கம். தெரிந்துகொள்ள ஆள் பக்கத்திலேயே இருந்தார்களே? இங்கேதான் பர்க் வருகிறார். இந்த மக்களோடு ரொம்ப நெருங்கினால் எந்நேரமும் முகாமிலேயே வந்து உட்காருவார்கள், பொருள் களவு போகும் என்று அவருக்குப் பயம். ஒருமுறை ஒருவர் மெழுகுத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியபோது தலைக்கு மேல் சுட்டார். அன்று இரவே அவர்கள் வலைகளில் சமைத்த மீனோடு வந்தார்கள். பர்க் கையில் அகப்பட்ட வலைகளை எல்லாம் தட்டிவிட்டு, கிங்கைச் சுடச் சொல்லிக் கத்தினார். கிங் சுட்டான். அவர்கள் ஓடிப்போனார்கள். பிறகு பர்க்கும் கிங்கும் தரையில் கிடந்த மீனைப் பொறுக்கி எடுத்துச் சாப்பிட்டார்கள். இதெல்லாம் பின்னால் விசாரணைக் கமிஷனில் கிங்கே சொன்னது.

பட்டினி கிடப்பவன் சோறு கொண்டுவந்தவனைத் துப்பாக்கியால் விரட்டிவிட்டு, அவன் போட்ட சோற்றைப் பொறுக்குகிறான். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஒரு நிமிஷம் நின்றுவிடும். இது முட்டாள்தனம் இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிக்கு அவன் ஊர் கற்றுக்கொடுத்த ஒழுங்குமுறை அது. யாரிடம் வாங்கலாம், யாரிடம் கைநீட்டக்கூடாது என்று அவனும் எங்கேயோ காப்பி அடித்துத்தான் கற்றிருக்கிறான். நம் ஊரில் தாகத்தில் செத்தாலும் இன்னார் வீட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றிருந்தவர்களைப் பற்றி யோசித்தால் பர்க் அவ்வளவு அந்நியமாகத் தெரியமாட்டார்.

கொஞ்ச நாளில் யாண்ட்ருவாண்டா மக்கள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் வில்ஸால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் எட்டு நாளைக்கு நார்டூவும் தண்ணீரும் வைத்துவிட்டு, பர்க்கும் கிங்கும் யாரைத் தேடிப் போனார்கள் தெரியுமா? அதே மக்களைத்தான். ஓரிரு நாளில் பர்க் வழியில் விழுந்து செத்தார், கையில் துப்பாக்கியோடு. கிங் திரும்பி வந்து பார்த்தபோது வில்ஸும் இறந்திருந்தார்.

கிங் தனியாக அவர்களைத் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அவனும் சுட்டவன்தான். முதலில் அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள், பிறகு போ போ என்றார்கள், அவன் போகவில்லை. துப்பாக்கியால் காக்கை சுட்டுக் கொடுத்தான். அந்தக் காக்கையில் பங்கு வாங்கிய ஒரு பெண் ஒருநாள் ஒரு உருண்டை நார்டூ கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் கொடுப்பேன், கையில் புண், இடிக்க முடியவில்லை என்று காட்டினாள். கிங் தண்ணீர் காய்ச்சி, பஞ்சால் புண்ணைக் கழுவி, கையிலிருந்த சில்வர் நைட்ரேட்டைத் தடவிவிட்டான். அது எரியும். அவள் நெருப்பு நெருப்பு என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஆனால் அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் அவளும் அவள் கணவனும் கொஞ்சம் நார்டூ கொண்டுவந்து வைத்தார்கள். மீன் பிடித்தபோது பங்கு வந்தது. இரண்டரை மாதம் அவன் அவர்களில் ஒருவனாகக் கிடந்தான். செப்டம்பர் 15ஆம் தேதி தேடி வந்த குழு அவனை உயிரோடு கண்டுபிடித்தது.

நார்டூவை எப்படிப் பக்குவம் செய்வது என்று கிங் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

மானிடவியலாளர் ஜோசஃப் ஹென்ரிக் 2015இல் எழுதிய நூலில், இப்படிக் 'காணாமல் போன ஐரோப்பியப் பயணிகள்' பலருடைய கதைகளைச் சோதனைகள் போலவே எடுத்துக்கொள்கிறார். நல்ல மூளை, நல்ல கருவி, உயிர் பிழைக்க வேண்டும் என்ற வெறி, மாதக்கணக்கில் நேரம். ஆனால் அந்த மண்ணின் பரம்பரை அறிவு மட்டும் இல்லை. முடிவு திரும்பத் திரும்ப ஒன்றுதான். நம் மூளை தனியாளாகக் காட்டில் பிழைக்கச் செய்யப்பட்டதல்ல, முன்னால் இருப்பவனிடமிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யப்பட்டது என்பது அவர் வாதம்.

இது வெறும் கதையளப்பு என்று தோன்றினால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2007இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்தர் ஹெர்மன், மைக்கேல் டோமசெல்லோ குழுவினர் 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சோதனைகள் வைத்தார்கள். இடம், எண்ணிக்கை, கருவி, காரண காரியம் ஆகியவற்றில் நம் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறக்குறைய சமம். அடுத்தவர் செய்வதைப் பார்த்துக் கற்பது, சைகையைப் புரிந்துகொள்வது என்று வந்தபோது மட்டும் குழந்தைகள் எங்கேயோ போய்விட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் உகாண்டாவில் உள்ள ஒரு சரணாலயத்தில் சிம்பன்சிகளுக்கு ஒரு பெட்டியைத் திறந்து பரிசு எடுத்துக் காட்டினார்கள். நடுவில் தேவையே இல்லாத சில குத்தலும் தட்டலும். பெட்டி உள்ளே தெரியாதபடி இருந்தபோது சிம்பன்சிகள் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடிப் பெட்டியாக மாற்றி, அந்தத் தட்டலால் ஒரு பயனும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்ததும், அதை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. மூன்று நாலு வயதுக் குழந்தைகள்? கண்ணாடிப் பெட்டியிலும் எல்லாத் தட்டலையும் தட்டிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன். சிம்பன்சி நம்மைவிடப் பகுத்தறிவுள்ளது! பிறகு நார்டூவைச் சிப்பியில் மொள்வதை நினைத்துக்கொண்டேன். அந்தச் சிம்பன்சிக்கு நார்டூ கொடுத்திருந்தால் சிப்பியைத்தான் முதலில் தூக்கிப் போட்டிருக்கும். வில்ஸும் அதைத்தான் செய்தார்.

இதே பி1 நம் ஆட்கள் வாழ்க்கையிலும் ஒருமுறை குறுக்கே வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள்தான் பெரும்பாலும். அதே நாட்டில் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அனேகமாக வரவே இல்லை. அங்கே மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வித்தியாசத்தை அரிசியில் கண்டார். சீனர்கள் சாப்பிட்டது இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. இதைச் சோதிக்க வில்லியம் ஃபிளெச்சர் 1905இல் கோலாலம்பூர் மனநோயாளிகள் காப்பகத்தில் நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து, ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் என்று பிரித்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இல்லை. (யாரிடமும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த 18 பேரை நினைத்தால் இந்த ஆய்வைப் புகழ வாய் வரவில்லை.) பிராடன் பழைய வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருப்பதாக நினைத்தார். இருந்தது விஷமல்ல, ஒரு குறை என்பது பிறகு தெளிவானது. அந்தத் தையமினை 1936இல் செயற்கையாகச் செய்துகாட்டிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நமக்குப் பக்கத்து நெல்லூரில்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுசாகப் போகாது. நம் ஊர்ப் பெண்கள் அதற்காகவா நெல் அவித்தார்கள்? குத்தும்போது நொய்யாகாது, வண்டு சீக்கிரம் பிடிக்காது, பசி தாங்கும் என்றுதான் சொல்வார்கள். நீராவி அரிசி ஆலை வந்து உலகத்தின் பாதி ஆசியாவுக்கு வெள்ளை அரிசியைக் கொடுத்துக் கொல்லத் தொடங்கியபோது, பெயர் தெரியாத இந்தப் பழக்கம் தோட்டக் கூலிகளைக் காப்பாற்றியது.

உடனே 'முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்று ஃபார்வர்டு அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள். இதே காப்பி அடிக்கும் புத்திதான் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் இறந்தவரைத் தின்னும் சடங்கையும் கொண்டுவந்து சேர்த்தது. பக்கத்து மக்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம்தான், இறந்தவர் மேல் உள்ள பாசத்தால் செய்தது. அதோடு குரு என்ற மூளை நோய் வந்து பெண்களையும் குழந்தைகளையும் அள்ளிக்கொண்டு போனது. நோய் வெளியே தெரியச் சிலருக்கு நாற்பது வருஷம்கூட ஆனது. தின்றதற்கும் செத்ததற்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருந்தால் எந்தப் பாட்டி கண்டுபிடிப்பாள்? சூனியம் என்றுதான் நினைத்தார்கள். பக்குவம் தவறினால் சில வாரத்தில் கால் தளர்கிறது என்றால் ஒரு சமூகம் மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளும். கெடுதல் ஒரு தலைமுறை தாண்டி வந்தாலோ, அல்லது கெடுதல் அடைகிறவன் பேச்சை யாரும் கேட்காத இடத்தில் இருந்தாலோ, திருத்தம் நடக்காது. சாதி இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். ஆகவே பழசு என்பதால் ஒரு பழக்கம் சரியாகிவிடாது. அதன் விலையை யார் கொடுத்தார்கள், அவர்களுக்கு அதை மாற்ற வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். நார்டூ இடித்தவளும் அவள்தான், தின்றவளும் அவள்தான், அவள் பிள்ளையும்தான்.

பர்க்குக்கும் வில்ஸுக்கும் 1863 ஜனவரியில் மெல்போர்னில் அரசு மரியாதையோடு சவ ஊர்வலம் நடந்தது. ஊரே திரண்டது. பின்னால் வெண்கலச் சிலையும் வைத்தார்கள். கிங் உடம்பு தேறவே இல்லை. 1872இல் காசநோயில் இறந்தான், வயது 33. யாண்ட்ருவாண்டா மக்களுக்கு விக்டோரியாவின் ஆய்வுப் பயணக் கமிட்டி மூன்று பித்தளை மார்புத் தகடுகள் செய்து கொடுத்தது, எங்கள் ஆட்களிடம் மனிதத்தன்மையோடு நடந்தீர்கள் என்று பொறித்து. அதற்குப் பின்னாலேயே மாட்டுப் பண்ணைக்காரர்கள் கூப்பர் கிரீக்குக்கு வந்தார்கள். பண்ணையும் நோயும் வன்முறையுமாக அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களில் பெரும்பகுதி இல்லாமல் போனார்கள். வாரிசுகள் இருக்கிறார்கள், தங்கள் நிலத்தின் மேல் அவர்களுக்குப் பூர்வீக உரிமை உண்டு என்று தென் ஆஸ்திரேலியாவில் 2015இல் தீர்ப்பானது.

இதை எழுதி முடிக்கும் முன் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வீட்டில் நெல் அவிப்பதை நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது, இப்போது கடை அரிசிதான். அவிக்கிற அண்டாவைக்கூடப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டாயிற்று. எத்தனை மணி நேரம் ஊறப்போடணும்மா என்று கேட்டேன்.

"மணி எல்லாம் யாருடா பாத்தா? ராத்திரி போடுவோம்."

"எவ்வளவு நேரம் அவிக்கணும்?"

"நெல்லு வாய் பிளக்கும். அப்ப எடுத்துரணும்."

"அதுக்கு முன்னாடியே எடுத்தா என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "உங்க அப்பாயிகிட்ட அப்படியெல்லாம் கேட்டா கரண்டியாலயே போடுவாங்க" என்றார்.